சொல்லிக்கொள்ளாமல் வந்தவனுக்கு

கண்ணு,

மாடியில் நீ அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டில் மேலே இருக்கிற பிள்ளைக்குக் கீழே உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் நீ "இட்ஸ் ஓகேப்பா" என்பாய், நான் "சரி, சாப்பிட வா" என்பேன், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டவள் உன் அம்மா. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு "காட் இட்" என்பாய். அது உன் தொழில் பழக்கம். நூறு பக்க அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கித்தானே இத்தனை வருடம் சோறு சாப்பிட்டாய். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைக் கதறக் கதறத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படி. மெதுவாகப் படி. உன் வசதிக்காகச் சுருக்கத்தை மட்டும் மேலேயே சொல்லிவிடுகிறேன்: நீ டெக்சாஸ் போவதற்கு முன்னால் ஒரு இடத்துக்குப் போய்வர வேண்டும். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். ஏன் போக வேண்டும் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

உன் தோழியின் பெயரை இதில் நான் எழுதவில்லை. இறந்துபோனவர்களின் பெயரை ஒரு வருடம் முடியும் வரை அவள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை என்று நீதான் சொன்னாய். வருடம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவளுடைய பழங்குடி மக்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது என்று என்னிடமே எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறாய். மலைக்கு அந்தப் பக்கம், கலிபோர்னியாவில் நம் டப்ளின் வீட்டிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வருகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், அங்கே ஃபண்டிங் நின்றுவிட்டது, அதனால்தான் வேலையை விட்டுவிட்டு வந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு மதியம் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நோப்பா, ஐ க்விட்" என்றாய். அப்புறம் அந்தக் கம்பளி விஷயத்தைச் சொன்னாய். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அப்பாவுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை கண்ணு. என் முகத்தை நீ பார்க்கக்கூடாது என்றுதான் எழுந்தேன். கழுவின தட்டையே மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

முதலிலிருந்து வருகிறேன். நீ கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டுப் பொதுக் கொள்கை படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு அது என்ன படிப்பு என்றே புரியவில்லை. படித்து முடித்து அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஹெல்த் போர்டில் பாலிசி அனலிஸ்ட் வேலை என்றபோது இன்னும் புரியவில்லை. "அவங்களுக்கு அவங்க ஆளுக இருக்காங்கல்ல, நீ எதுக்கு?" என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. அவர்களுடைய நிலத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று அரசாங்கம் கொடுத்த வாக்கு இருக்கிறது, அந்த வாக்கைக் கணக்கு வழக்கோடு கேட்டு வாங்க ஆள் வேண்டும், அவர்கள் கூப்பிட்டார்கள், போகிறேன் என்றாய். நல்ல பதில்தான். ஆனால் கோயிலில் யாராவது பையன் என்ன பண்ணறான் என்று கேட்டால், "ஹெல்த்கேர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். டாக்டர் என்று அவர்களே நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா? உன் அம்மா ஒரு நாள் பிரசாத வரிசையில் வைத்தே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, நம்ம பையன் டாக்டருங்களுக்கே ரூல் எழுதறவன். அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கூச்சம்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளுக்கும் உன் வேலை முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் அவளுக்கு உன்மேல் சந்தேகம் வந்ததே இல்லை. எனக்கு வந்தது. அது உனக்கும் தெரியும்.

உன் தோழியை நீ முதல் முறை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, உன் ஆபீசில் பக்கத்து மேசை, இரண்டு பேரும் ஒரே வேலை, அவள் அந்த ஊர்க்காரி, நீ வந்தவன் என்று சொன்னாய். "வந்தவன் கொஞ்சம் வேகமா பேசுவான், இப்ப பழக்கிட்டேன்" என்று அவள் சொன்னாள். என்னால் அவள் ஆங்கிலத்தை நம் பேச்சில்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள். உன் அம்மாவின் பருப்புப்பொடியை முதல் தடவை சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே, அன்றைக்கே உன் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, பருப்பு ஆகாது என்றார்கள், உப்பு ஆகாது என்றார்கள். உன் அம்மா அவளுக்கே போன் போட்டு, என்னதான் சாப்பிடலாம் என்று விசாரித்து, உப்பே போடாமல் அரிசி முறுக்கு சுட்டு உன்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் ஒன்று எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன், சாக்பீஸ் மாதிரி இருந்தது. அந்தப் பெண் அதை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை டப்பாவைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள், உள்ளே அவர்கள் மலையில் பொறுக்கின பைன் மரக் கொட்டை போட்டு. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்காதவள் நம்ம ஊர்க்காரிதான் என்று உன் அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

டயாலிசிஸ் சென்டர் அவர்கள் ஊரில் இல்லை. மலை இறங்கி நகரத்துக்கு வர வேண்டும், வாரத்துக்கு மூன்று முறை. ஊரிலேயே ஒரு சின்ன டயாலிசிஸ் யூனிட் வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் அரசாங்கத்துக்கு எத்தனை முறை எழுதிப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வந்தது. கடைசியாக நீ ஒரு யோசனை எழுதினாய்: முதலில் நோயாளிகளை அழைத்துப்போக ஒரு வேன், அது நன்றாக ஓடுகிறது என்று காட்டிவிட்டு, அப்புறம் யூனிட். அது உடனே கிடைத்தது. அன்றைக்கு நீ போனில் கத்திய சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. வேன் வந்துவிட்டதால் இனி அவசரம் என்ன என்று யூனிட்டை இன்னும் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் நீ அப்புறம் சொன்னாய், சத்தமே இல்லாத குரலில். போன குளிர்காலத்தில் பனியில் ரோடு மூடிவிட்டார்கள். வேன் போகவில்லை. அடுத்த முறைக்கும் ரோடு திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அவள் வீட்டிலேயே போய்விட்டாள். ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் நாற்காலி இருந்திருந்தால் என்று நீ அதற்கப்புறம் ஒரு முறைகூட வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே உன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்த இழவுக்கு நீ தனியாகத்தான் போனாய். எனக்கு மூட்டு வலி, பனியில் மலை ஏற முடியாது என்று நின்றுவிட்டேன். மறுநாள் பகலில் உன் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ வாசலுக்கு வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைத் திறந்து, போட்டிருந்த சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டாய். அந்தக் குளிரில். உன் அம்மா இருந்தவரைக்கும் இழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலை நனையாமல் உள்ளே விடமாட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், யாரும் சொல்லாமல், அவள் இல்லாத வீட்டில் அதைச் செய்கிறானே என்று எனக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று. டவலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா வளர்த்த பிள்ளை என்று உன்னிடமே சொன்னேன். அந்த வார்த்தை உன்னை எப்படிச் சுட்டிருக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ஏனென்றால் குளித்தது மட்டும் இல்லை, அதற்கு முன்னால் செய்ததையும் உன் அம்மாதான் உனக்குக் கற்றுக்கொடுத்தாள். இழவு வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் மறுபடியும் இந்த மாதிரி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். துக்கத்தில் இருக்கிறவர்களின் கையைத் தொட்டுவிட்டு, ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வீட்டுக்காரர்களும் வாங்க என்றோ போயிட்டு வாங்க என்றோ சொல்லமாட்டார்கள். அதுதான் மரியாதை. சின்ன வயதில் உன்னை எத்தனை இழவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்போம், வாசலில் வைத்தே உன் அம்மா காதில் ஓதுவாள், "பை சொல்லாதே, பேசாம வா." நீ அப்படித்தான் வந்தாய். மண் போட்டு முடிந்ததும் உன் தோழியின் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, கூட்டத்தின் பின்பக்கமாக நடந்து காரில் ஏறிவிட்டாய்.

அங்கே முறை வேறு. எல்லோரும் வரிசையாக வந்து குடும்பத்தில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். பள்ளிக்கூடத்து ஜிம்மில் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு, போனவளுக்கு நெருக்கமாக இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதைக்காகக் கம்பளி போர்த்துவார்கள். உன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா நின்றிருக்கிறார். நீ பார்க்கிங்கில் இருப்பாய் என்று யாரோ வெளியே ஓடிப் பார்த்திருக்கிறார்கள். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நடந்தபோது நீ மலையில் பாதி தூரம் இறங்கியிருப்பாய். உனக்கு இது தெரிந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான். அந்த அம்மா அங்கே ஹெல்த் கமிட்டியில் இருக்கிறவர். இலையுதிர் காலத்தில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் நீ அடுத்த திட்டத்தைப் படித்து முடித்ததும், அவர் உன்னைப் பார்க்காமல் சொன்னாராம்: "இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். நம்ம நோய்நொடிக் கணக்கை எடுத்துக்குவாங்க. போறப்ப சொல்லக்கூட மாட்டாங்க." நீ காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய்.

"ஏன் கண்ணு, நம்ம பழக்கம் இதுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். அவர் மகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார், நான் என் கல்ச்சரைப் பற்றி லெக்சர் பண்ணவா என்பாய். சரிதான். அதோடு, அவர் சொன்னது கம்பளிக்கு மட்டும் இல்லை, வேனுக்கும் சேர்த்துத்தான் என்று நீ எடுத்துக்கொண்டாய். அதனால்தான் வாயடைத்துப்போனாய். இப்போது டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாதவர்களின் கணக்கைப் பார்க்கப் போகிறாய். வாங்குகிற சம்பளத்தைச் சொன்னபோதுகூட யாரோ செத்த செய்தி மாதிரிதான் சொன்னாய்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. உன் அம்மாவின் தகனம் பக்கத்து ஊரான ஹேவர்டில் நடந்த அன்றைக்கு, நீ உள்ளே தகன அறையில் இருந்தாய். வந்தவர்கள் எல்லாரும் நம் வழக்கப்படி ஒவ்வொருவராகக் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் தோழி வந்தாள். அவள் அண்ணன் வண்டி ஓட்ட, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, அத்தனை தூரம் வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நேராக என் முன்னால் வந்து நின்று, என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "நான் கிளம்பறேன். மறுபடி பார்ப்போம்" என்றாள். பக்கத்தில் இருந்த, உன் அம்மாவின் கோயில் சிநேகிதி ஜெயந்தி ஆன்ட்டி பதறிப்போய், "நோ நோ, டோன்ட் சே தட் ஹியர்மா" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. என் பதிலுக்காக நின்றாள். பழக்கம்தான் வேலை செய்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் கை தனியாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டு போன் அடித்தது. அவள்தான். டயாலிசிஸ் சென்டரில் நாற்காலியில் உட்காரவைத்து மிஷினை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள், முடிகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், டிவியில் யாரோ வீடு விற்றுக்கொண்டே இருக்கிறார்கள், பேச ஆள் வேண்டும் என்றாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் கூப்பிட்டாள். நீ எப்போதாவது கேட்டால் சும்மா பேசினோம் என்பேன். சும்மாதான் பேசினோம். என்ன சமைத்தேன் என்று கேட்பாள். குக்கரைக் கருக்கிவிட்டேன் என்றால் வயிறு குலுங்கச் சிரிப்பாள், அங்கே மிஷின் கத்தும், நர்ஸ் வந்து அவளைத் திட்டுவது எனக்குக் கேட்கும். அவள் வீட்டு நாய்கள் ஒவ்வொன்றின் குணமும் எனக்குத் தெரியும். உன் டிரைவிங்கைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியது அவளோடுதான். உன்னோடு இல்லை. இதைப் படிக்க உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எழுத எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. இன்றைக்கும் சனிக்கிழமை காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அவளாகவே கேட்டாள். "அன்னிக்கு நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா? நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க." எனக்கு வெட்கமாகிவிட்டது. நம் வழக்கத்தைச் சொன்னேன். இழவு வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை, பதிலும் சொல்வதில்லை, மரியாதைக்காகத்தான்மா, கோபித்துக்கொள்ளாதே என்றேன். அதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்ப உங்க பையன் ஒரு நாள் என்னையும் இப்படித்தான் விட்டுட்டு ஓடப்போறான்" என்றாள். நான் ச்சே ச்சே, அதெல்லாம் என்ன பேச்சு என்று அதட்டினேன். அவள் விடவில்லை. "எங்கம்மா கிட்ட இப்பவே சொல்லி வைக்கணும். இல்லேன்னா அவன் மேல ரொம்பக் கோவிச்சுக்குவாங்க" என்றாள். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டாள். அந்தப் பேச்சை நானும் மறந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கம்பளி என்று சொன்ன நிமிஷத்தில்தான் அது திரும்பி வந்தது.

அவள் அம்மாவிடம் சொல்லி வைக்கவில்லை கண்ணு. நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். பனி வரும், ரோடு மூடும் என்று யார் நினைத்தார்கள்? ஆனால் நீ எப்படிப் போவாய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து, முன்னாலேயே சிரித்துவிட்டாள். நீ கூட்டத்தின் பின்பக்கமாக நடந்து போனபோது, அந்த இடத்தில் உன்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடியவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நீ மண் போட்டுவிட்டு வந்தாய். இதை நினைத்துத்தான் நான் ஒரு வாரமாக அழுகிறேன். உனக்குத் தெரியாமல் கராஜில் போய் அழுகிறேன், கராஜில் என்னப்பா தேடறீங்க என்று நீ கேட்டதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று சொன்னேனே.

வேன் விஷயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. உன் யோசனையால்தான் யூனிட் தள்ளிப்போனதா, இல்லாவிட்டாலும் கொடுத்திருக்கமாட்டார்களா, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியப்போவதில்லை. உன்மேல் தப்பே இல்லை என்று சொல்வது எனக்குச் சுலபம். பெற்றவன் சொல்கிற அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேன் வந்த பிறகு, தன்னைக் கொண்டுபோய் விடுவதற்காக அண்ணன் வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்க்கக் கூசுவது நின்றுவிட்டது என்று அவள் என்னிடம் சொன்னாள். யூனிட் வராததற்கு உன்னைத் திட்டவும் திட்டினாள், "அவன் ரொம்ப நல்லவன், கொடுத்ததை வாங்கிக்குவான்" என்று. இரண்டையும் அவள்தான் சொன்னாள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. இரண்டையும் சேர்த்துத்தான் நீ சுமக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையோடு அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் யூனிட்டுக்கு எழுதுகிறவன் ஒருவன், அதே சுமையோடு டெக்சாஸில் உட்கார்ந்திருக்கிறவன் ஒருவன். யாராக இருக்க வேண்டும் என்பது உன் விருப்பம். நான் அதில் தலையிடமாட்டேன். "நீ எதுக்கு?" என்று தலையிட்டு ஒரு முறை உன்னை நோகடித்தது போதும்.

ஆனால் சொல்லாமல் போகாதே. எனக்கு வேண்டியது அதுதான். பெட்டி கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வார இறுதியில் வருடம் முடிந்து அவர்கள் சாப்பாடு போடுகிறார்கள் என்று உன் ஆபீஸ்காரப் பையன் அனுப்பியிருந்த செய்தியை நீ காட்டினாய், போகமாட்டேன் என்றும் சொன்னாய். போ. அந்த அம்மா முன்னால் போய் நில். உன் வாயால் உன்னைப் பற்றி நியாயம் பேச வேண்டாம், அது உனக்கு வராது. அதை நான் பேசிக்கொள்கிறேன். அவர் மகள் சிரித்ததை என் காதால் கேட்டவன் நான். வேறு யாருக்கும் தெரியாத ஒரு சிரிப்பு என்னிடம் இருக்கிறது, அது அந்தத் தாய்க்குச் சேர வேண்டியது. அவர் அதைக் கேட்டு மனசு இளகலாம். கதவைச் சாத்தவும் செய்யலாம். கம்பளியை எப்போதோ வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். எதுவானாலும் நின்று வாங்கிக்கொள். அப்புறம் அவர் கையைப் பிடித்து, அவர்கள் முறைப்படி, நான் கிளம்புகிறேன் என்று சொல். டெக்சாஸுக்குக் கிளம்புகிறேன் என்றாலும் சரி, திங்கட்கிழமை ஆபீசுக்கு வருகிறேன் என்றாலும் சரி. சொல்லிக்கொண்டு செய்.

காரை நான் சர்வீசுக்கு விட்டு எடுத்துவிட்டேன். டயருக்குச் சங்கிலியும் வாங்கி டிக்கியில் போட்டாயிற்று. மூட்டு வலிக்கு மாத்திரை இருக்கிறது, இந்தத் தடவை அதைச் சாக்குச் சொல்லப்போவதில்லை. உன் அம்மா கைப்பக்குவம் எனக்கு வராது, இருந்தாலும் உப்புப் போடாமல் கொஞ்சம் முறுக்கு சுட்டிருக்கிறேன். பாதி உடைந்துவிட்டது. போகிற வழியில் நீதான் ஓட்டப்போகிறாய் என்பதால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் ஏறுவேன்.

நீ அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது என்னைக் கொஞ்ச நேரம் அவளை வைத்த இடத்தில் தனியாக விட்டுவிடு. நீ அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தாய். அவள் அப்படி இல்லை. அன்றைக்கு ஜெயந்தி ஆன்ட்டி தடுத்தும், என் கையைப் பிடித்துக்கொண்டு, கிளம்பறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். நான்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பா